கணுக்கால் அளவு

தையல்காரி தன் அத்தானின் கணுக்கால்களை வாரத்துக்கு ஆறு முறை அளந்தாள். திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள்களிலும், குளத்தில் இறங்குவதற்கு முன் ஒரு முறை, கரையேறிய பின் ஒரு முறை. முப்பது ஆண்டுகளாகக் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை அவள் எந்த மாப்பிள்ளையின் கோட்டுக்கும் அத்தனை பயபக்தியோடு எடுத்ததில்லை. இறங்கும்போது பத்தரை அங்குலம். ஏறும்போது பத்துக்கும் குறைவு. ஒரு மணி நேரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் வடிந்துபோகும் வீக்கத்தை அவள் கண்ணால் கண்டாள், விரலால் தொட்டாள், பென்சிலால் குறித்துக்கொண்டாள். அதற்கு மேல் சாட்சி கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

குளம் கட்டடத்துக்குள் இருந்தது. தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கூரையில் எந்நேரமும் நீர் கோத்துக்கொண்டு நிற்கும், சொட்டும். கதவைத் திறந்ததும் குளோரின் வாடை மூக்கில் ஏறும். ஓரத்து ஓடுகளில் ஆழத்தைக் கறுப்பு எண்களில் எழுதியிருந்தார்கள். படிக்கட்டுப் பக்கம் இடுப்பளவு; நடுவில் மார்பளவு; எதிர்ச்சுவரை ஒட்டிக் கழுத்தளவு. அந்தக் கோடிக்குப் போக வேண்டாம் என்று ஒரு மஞ்சள் கயிறு தண்ணீரில் மிதந்தது. கயிறுதானே, கையால் தூக்கினால் தலை நுழைந்துவிடும்.

முதலில் அங்கே போனவள் அவள்தான். தையல் இயந்திரத்தை மிதித்து மிதித்து இரண்டு முழங்காலிலும் சவ்வு தேய்ந்துவிட்டது. மாடிப்படியில் நண்டைப் போல் பக்கவாட்டில் இறங்குவாள். எலும்பு மருத்துவர், "தரையில நடக்காதீங்க, தண்ணியில நடங்க" என்றபோது அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தாள். கேலி இல்லை. முதல் நாளே, மார்பளவு நீரில், அவள் நேராக நடந்தாள். நடக்கும்போது பல்லைக் கடிக்கவில்லை என்பதையே பாதித் தூரம் போன பிறகுதான் கவனித்தாள்.

பயிற்சி கொடுப்பவள் முப்பது வயதுப் பெண். எல்லாருக்கும் டீச்சர். "மார்பளவு தண்ணியில உங்க எடையில மூணுல ஒரு பங்கைத்தான் கால் சுமக்குது. மிச்சத்தைத் தண்ணி சுமக்குது" என்பாள். "ஆனா கையை வீசிப் பாருங்க, எந்தப் பக்கம் வீசினாலும் எதிர்த்துத் தள்ளும். மூட்டுக்கு அடியில்ல, தசைக்கு வேலை. விழுந்தாலும் எலும்பு உடையாது." அவள் சொன்னது ஒவ்வொன்றும் நடந்தது. இரண்டாம் மாதத்தில் தையல்காரி கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஒரு நன்மை கிடைத்தால் அதைக் குடும்பத்தில் நாலு பேருக்குப் பங்கு வைக்காமல் இருக்க முடியாத பெண் அவள். அத்தானை அழைத்துப் போனாள்.

அத்தான், அவளுடைய அக்காவின் கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம் ஒரே இருக்கையில் உட்கார்ந்ததால் கால் வீங்குகிறது என்பது அவர் சொன்ன காரணம். அவர் சொல்லும் காரணங்களைக் குடும்பத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை. கேட்பதற்குச் சுவையாக இருந்தால் போதும். சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போது கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றார். அவள்தான் படித்து, அவள்தான் எழுதினாள்.

"இதய நோய் உண்டா?"

"எனக்கு இதயமே கிடையாதுன்னு உங்க அக்கா சொல்லுவா. இல்லைன்னு போடு, ஊசி."

ஊசி என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். அவள் சிரித்துக்கொண்டே, அழகான கையெழுத்தில், "இல்லை" என்று எழுதினாள்.

டீச்சர் தண்ணீரில் இறங்குவதில்லை. கரையில் நின்று செய்து காட்டுவாள். அங்கிருந்து பார்த்தால் ரப்பர்த் தொப்பி போட்ட பதினான்கு தலைகள்தாம் தெரியும். யாருக்கு வேர்க்கிறது, யாருக்கு மார்பு அடித்துக்கொள்கிறது என்பதைத் தண்ணீர் காட்டாது. ஆகவே அவள் காதை நம்பினாள். ஒவ்வோர் அசைவுக்கும் எல்லாரும் உரக்க எண்ண வேண்டும். பேச முடிகிறவருக்கு மூச்சு இருக்கிறது. குரல் அறுபடுகிறவர் கையைத் தூக்கிவிட்டு ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். விதி எளியது, நல்லது.

மூன்றாம் வாரத்திலிருந்து அத்தானின் குரல் பன்னிரண்டில் நின்றது. கையைத் தூக்குவாரா? தூக்கவில்லை. வாயை மட்டும் அசைத்தார். அவருக்கு வலப்பக்கம் நின்ற கணக்கு சார், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர், "பதிமூணு, பதினாலு" என்று இரண்டு ஆளுக்குச் சேர்த்துக் கத்தினார். இடப்பக்கம் தையல்காரியும் குரலை உயர்த்தினாள். முன்வரிசைக்கும் சங்கதி தெரிந்தது, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டிரைவர் சாரை ஓரத்தில் உட்காரவைத்தால் வகுப்பு களை இழந்துவிடும் என்று எல்லாரும் எண்ணினார்கள்.

"இன்னைக்கு உங்க குரல் அபாரம்!" என்று டீச்சர் கைதட்டினாள்.

அத்தான் கண்ணடித்தார். அவருடைய உதடு நீலம் பாய்ந்திருந்ததைத் தையல்காரி பார்த்தாள். வெளிச்சம் தொப்பியில் பட்டு விழுகிற நிறம் என்று வைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை, இடுப்பைத் தளர்த்தித் தரும்படி அவர் கொடுத்துவிட்டுப் போன காற்சட்டையை மேசையில் விரித்தாள். துணியைப் பிரிக்கும் முன் பையைத் துழாவுவது தொழில் வழக்கம். எட்டாக மடித்த ஒரு காகிதம் வந்தது. மருத்துவமனைக் காகிதம். அவர் குளத்தில் சேர்வதற்கு மூன்று நாள் முந்தைய தேதி. இதயம் இரத்தத்தை இறைக்கும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கிறது. நான்கு மாத்திரைகள் விடாமல் சாப்பிட வேண்டும். கால் வீக்கம் கூடினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே வர வேண்டும். அந்தத் தேதியில் அவர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது அவள் நினைவுக்கு வந்தது.

மாலையில் அவர் வந்தார். அவள் காற்சட்டைக்குப் பதிலாகக் காகிதத்தை நீட்டினாள்.

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "உங்க அக்கா வந்திருக்காளா?"

"இல்ல."

"அப்ப சரி. பழைய இன்ஜின். மேட்டுல இழுவை கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான் சங்கதி."

"மாத்திரை போடுறீங்களா, அத்தான்?"

"மூணு போடுறேன். நீர் பிரியறதுக்குன்னு ஒண்ணு குடுத்தான் பாரு, அதைப் போட்டா மணிக்கு நாலு தடவை ஓட வேண்டியிருக்கு. பஸ் ரூட்டுல ஒரு கோடியிலேர்ந்து மறு கோடி வரைக்கும் அடக்கிப் பழகினவன்கிட்ட குடுக்கற மாத்திரையா அது? நிறுத்திட்டேன். இப்பத்தான் குளமே அந்த வேலையைப் பாக்குதே. அளந்தவ நீ. குறையுதா இல்லையா?"

"குறையுது."

"அப்புறம் என்ன?"

"அக்காகிட்ட சொல்லணும்."

"சொல்லு. நாளைக்கே கட்டிலோட கட்டிப் போட்டுடுவா." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததற்கே மூச்சு வாங்கியது. குரல் இறங்கியது. "என் வீட்டுல பதினாறு படி, ஊசி. எட்டாவதுல நின்னு ஜன்னலைப் பாக்கற மாதிரி நடிக்கறேன். அங்க, தண்ணியில, ஓடறேன். நீ பாத்தியே, ஓடறேன். அதை எடுத்துடாதே."

அவள் எடுக்கவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயம் ஒரு பக்கம், நாடா ஒரு பக்கம் என்று நின்றபோது அவள் நாடாவை நம்பினாள். வாழ்நாளில் அது அவளை ஏமாற்றியதில்லை. அளவு தவறியது என்று வந்த சண்டைகளிலெல்லாம் தவறியது வாடிக்கையாளரின் உடம்பாகவே இருந்தது.

திங்கள், புதன், வெள்ளி. மூன்று வகுப்புகள். மூன்றிலும் கணுக்கால் குறைந்தது. மூன்றிலும் அவள் அவருக்காகப் பன்னிரண்டுக்கு மேல் கத்தினாள். கணக்கு சாரைவிட உரக்கக் கத்தினாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பின் முடிவில், படிக்கட்டில் உட்கார்ந்து துவட்டிக்கொண்டே அத்தான் கேட்டார்: "டீச்சர், இந்த வீக்கம் எப்படித்தான் வடியுது?"

"தண்ணி சுத்தியும் இறுக்கிப் பிடிக்குது சார். காலுறை போட்ட மாதிரி. அடியில தேங்கினதை மேல தள்ளிடும்."

"ஆழத்துக்குப் போனா இன்னும் நல்லா இறுக்குமோ?"

"ஆமா சார். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும்."

கேட்ட கேள்விக்குச் சரியான விடை. கேட்டவர் யார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் பக்கத்தில் நின்று தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "உங்க அத்தான் கட்டிலை விட்டு நாற்காலிக்குக் குடிபோயிட்டார், தெரியுமா? நாலு தலகாணி வச்சும் படுக்க முடியலையாம். விடிய விடிய இருமல். கேட்டா குளத்துத் தண்ணி தொண்டையில போயிடுச்சாம். நீதானேடி கூட்டிட்டுப் போன, குளத்தையே குடிச்சுட்டு வர்றாரா என்ன?"

"சாப்பிடறாரா?"

"பாதி. மீதியை நகர்த்தி வச்சுட்டு எனக்குக் கைமணம் போயிடுச்சுன்னு என்மேல பழி."

ஞாயிறு காலை அத்தான் வந்தார், தளர்த்தித் தந்த காற்சட்டை மறுபடியும் இறுக்குகிறது என்று சொல்லிக்கொண்டு. போன வாரம்தான் ஒன்றரை அங்குலம் விட்டிருந்தாள். "தண்ணியில ஆடினா பசி எடுக்குதில்ல, தொப்பை போட்டுடுச்சு" என்றார். அவள் அவர் இடுப்பைச் சுற்றி நாடாவை வைத்தாள். இரண்டு மாதத்துக்கு முந்தைய அளவைவிட நான்கு அங்குலம் கூடுதல். விரலை அழுத்தினாள். கொழுப்பு அப்படி இருக்காது. கொழுப்பு விரலுக்கு விட்டுக்கொடுக்கும். இது தண்ணீர் நிரப்பிய பையைப் போல விறைத்து நின்றது.

பாதிச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு நான்கு அங்குலம்.

அவர் போன பிறகு அவள் மேசை முன் நின்றாள். ஒரு சட்டையைப் பிடித்துத் தைக்கச் சொன்னால் அவள் துணியை ஒழித்துவிடுவதில்லை. உள்ளே மடித்து வைக்கிறாள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அளவு குறைந்திருக்கும். திருப்பிப் பார்த்தால் துணி முழுதும் உள்ளேதான் இருக்கும். இரண்டு மாதமாக அவள் வெளிப்புறத்தை மட்டும் அளந்திருந்தாள். காலில் வடிந்தது வெளியே போகவில்லை. அதை வெளியே தள்ளுகிற மாத்திரையை அவர் நிறுத்திவிட்டார். குளம் அதை மேலே ஏற்றியது, வயிற்றுக்கும், வயிற்றுக்கு மேலும். இருமல் எந்தத் தண்ணீரால் வருகிறது என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

அப்போதே அக்கா வீட்டுக்கு ஓடியிருக்கலாம். தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். காகிதத்தைப் பார்த்த பிறகும் எட்டு நாள் சும்மா இருந்ததற்கு அக்காவிடம் என்ன விடை சொல்வது என்று தெரியவில்லை. படிவம் தன் கையெழுத்து, அதை முதலில் திருத்திவிட்டு, டீச்சர் வாயாலேயே அவரைத் தடுத்துவிட்டு, பிறகு அக்கா என்று ஒரு வரிசை போட்டாள். பார்வைக்கு ஒழுங்கான வரிசை. அதில் ஓர் இரவு கழியும் என்பதை அவள் சேர்க்கவில்லை.

திங்களன்று பத்து மணி வகுப்புக்கு ஒன்பதரைக்கே போனாள். டீச்சர் தன் சிற்றறையில் மிதவைக் கம்புகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு படிவத்துல தப்பா எழுதிட்டேன், டீச்சர். திருத்தணும்."

"முகவரி மாறிடுச்சாம்மா?"

"இல்ல. எங்க அத்தானோடது. இதய நோய் இல்லைன்னு எழுதினேன். இருக்கு."

டீச்சரின் கை கம்பின் மேல் நின்றது. தையல்காரி நீட்டிய மருத்துவமனைக் காகிதத்தை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகத்திலிருந்த இளமை வடிந்தது.

"ராத்திரி படுத்துத் தூங்கறாரா?"

"நாற்காலியில உக்காந்து."

"மூச்சு வாங்கினதா எனக்குக் கேக்கவே இல்லையே! தினம் எண்ணினாரே!"

"அவர் எண்ணலை. நாங்க எண்ணினோம்."

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தாள். கோபப்பட நேரமில்லாதவளின் பார்வை அது. "அவர் இப்ப எங்க?"

"பத்து மணிக்குத்தான் வருவார்."

ஆனால் குளத்தின் பக்கமிருந்து கணக்கு சாரின் குரல் கேட்டது. ஓங்கிய, உற்சாகமான, வகுப்பறைக் குரல். "எட்டு... ஒன்பது... பத்து... சபாஷ் டிரைவர், அங்கயே நில்லுங்க, நல்லா அமுக்கட்டும்!"

இருவரும் ஓடினார்கள். தையல்காரி ஓடினாள், முழங்கால் அதை அனுமதித்தது. அது அப்போது அவள் மனத்தில் படவில்லை.

மஞ்சள் கயிற்றுக்கு அப்பால், எதிர்ச்சுவரை ஒட்டி, அத்தான் கழுத்தளவு நீரில் நின்றார். இரண்டு கைகளாலும் சுவர்க் கம்பியைப் பிடித்திருந்தார். கயிற்றுக்கு இப்பால் கணக்கு சார் கையை ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு நண்பனின் முகத்தைப் பார்த்து எண்ணத் தோன்றவில்லை, கூரையைப் பார்த்து எண்ணினார். அத்தானின் வாய் திறந்திருந்தது. அசையவில்லை. தொப்பிக்குக் கீழே நெற்றி சாம்பல் நிறமாக இருந்தது.

டீச்சர் உடுத்திய உடையோடு குதித்தாள். "எண்ணாதீங்க! எண்ணறதை நிறுத்துங்க!" என்ற அவள் கத்தல் சுவர்களில் மோதி மூன்று முறை திரும்பி வந்தது.

தண்ணீர் இருந்த வரைக்கும் அவர் சுமையாக இல்லை. கயிற்றைத் தாண்டி, படிக்கட்டு வரை, இரண்டு பேர் அவரை இலேசாக நகர்த்தி வந்தார்கள். படியில் தண்ணீர் இறங்க இறங்க அவர் கனத்தார். வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவர்களும் சேர்ந்து, கடைசிப் படியில் நான்கு பேர் வேண்டியிருந்தது.

"படுக்க வைக்காதீங்க. சுவத்துல சாய்ச்சு உக்கார வைங்க. காலைத் தொங்கவிடுங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, யாராவது!"

அவர் மூச்சு ஒவ்வொன்றும் கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைப் போலச் சத்தமிட்டது. உதட்டோரத்தில் நுரை, அதில் இளஞ்சிவப்பு. அவர் தையல்காரியைக் கண்டுபிடித்து, ஏதோ வேடிக்கை சொல்லப்போகிற முகத்தை வரவழைத்துக்கொண்டு, "ஊ..." என்றார். மீதிக்கு மூச்சு கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் அவரைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். ஓர் இளம் மருத்துவர் வந்து கேள்வி கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் துல்லியமாக விடை சொன்னாள். எந்த மாத்திரை, எப்போது நிறுத்தினார், வயிறு எவ்வளவு கூடியது.

"அளந்தீங்களா?" மருத்துவர் நிமிர்ந்தார்.

"நான் தையல்காரி."

"நுரையீரல் முழுக்கத் தண்ணி. மாத்திரையை ஒழுங்காப் போட்டு, எங்களைக் கேட்டுட்டு, அளவா இறங்கியிருந்தா குளமே நல்லதுதான். இந்த நிலைமையில கழுத்து வரைக்கும் நின்னிருக்கார்." அவர் குறிப்பை மூடினார். "இப்ப எதுவும் சொல்றதுக்கில்லை."

அக்கா அரை மணி கழித்து வந்தாள். வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். மருத்துவர் அவளிடமும் பேசினார். நடைக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, அக்காவின் தலை மெல்ல மெல்ல ஆடுவது மட்டும் தெரிந்தது. பிறகு அவள் வந்து தங்கையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் உள்ளங்கை சூடாக இருந்தது.

"ரெண்டு மாசமா நெஞ்சுல இவ்வளவு பெரிசா ஒண்ணை வச்சுக்கிட்டு, லைசன்ஸ் புதுப்பிக்கப் போறேன்னு சொன்ன மனுஷனைப் பாரு. கூடப் படுத்தவகிட்ட சொல்லலை." அவள் மூக்கைத் துடைத்தாள். "அட, உங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? உன்னையும்ல ஏமாத்திட்டார். நீ பாவம், நல்லதுன்னு நினைச்சுத்தானே கூட்டிட்டுப் போன. மனசுல வச்சுக்காதே."

தையல்காரி பிடித்த கையைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் போதும். உள்ளே இருப்பவர் இனிப் பேசுவாரா என்பதே தெரியவில்லை. பேசினாலும் காட்டிக்கொடுக்கிறவர் இல்லை. இந்தக் கை இப்படியே இருக்கும்.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அந்தக் காகிதத்தைப் பாத்தேன். மாத்திரையை நிறுத்தினதும் தெரியும்."

"எப்ப பாத்த? இன்னைக்கா?"

"ஒன்பது நாளாச்சு."

அக்காவின் உதடுகள் மெல்ல அசைந்தன. எண்ணுகிறாள் என்பது தெரிந்தது. எந்தெந்த நாள், அவற்றில் எத்தனை முறை இருவரும் பேசினார்கள், சனிக்கிழமை தொலைபேசியில் தான் என்னென்ன சொன்னாள் என்று. கையை உதறவில்லை. தன்னுடையதல்லாத ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைப்பதைப் போல, தங்கையின் கையை அவள் மடியில் வைத்துவிட்டு, தன் கையை எடுத்துக்கொண்டாள்.

கதவு பாதி திறந்தது. செவிலி ஒருத்தி தலையை நீட்டினாள். முகமூடிக்கு மேல் தெரிந்த கண்களிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"குளத்துலேர்ந்து கொண்டுவந்தவரோட ஆளுங்க யாரு? சீக்கிரம் வரணும்."

இருவரும் எழுந்தார்கள்.

"நான்தான்" என்றாள் அக்கா. "நான் மட்டும்தான்."

அவள் உள்ளே போனாள்.